ஜவுளி எடுக்க நான் வரவில்லை

பம்பாயில் இருக்கும் என் மகனுக்கு, கஞ்சிக்கோட்டிலிருந்து அம்மா எழுதுவது.

நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்பது உன் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சௌக்கியமாக இருப்பவனுக்குத்தான் அடுத்தவர் பிழைப்பை மூடச் சொல்லி இவ்வளவு அழகான கையெழுத்தில் எழுத வரும். கல்யாணத்துக்கு முன்னால் ஷெட்டை மூடிவிடு, மெஷினைக் கோயமுத்தூர்க்காரர் யாருக்காவது கொடுத்துவிடு, நீயும் அப்பாவும் என்னோடு வந்து இருங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஆனி மாதம் பெண் வீட்டாரோடு ஜவுளி எடுக்கப் போகிற நாளையும் சொல்லி, அன்றைக்காவது பிளாஸ்டிக் வாடை அடிக்காத சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வா என்று ஒரு கேலி வேறு. இரண்டுக்கும் பதில் இதோ. ஷெட்டை மூடமாட்டேன். ஜவுளி எடுக்க வரமாட்டேன். மாப்பிள்ளையைப் பெற்றவள் இல்லாமல் முகூர்த்தச் சேலை எடுத்தால் நம் பக்கத்தில் என்னென்ன பேசுவார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன். அந்த வாரம் நான் மூணாறு மலையில் இருப்பேன். அன்றைக்குப் பெண் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து காபி குடிக்கும்போது, கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால், எனக்குப் பதிலாக இந்தக் கடிதத்தை நீ உரக்கப் படி. உன் வருங்கால மாமனாரும் மாமியாரும் சுகந்தியும் கேட்கட்டும். உனக்குத் தெரிந்ததையும் நான் விவரமாக எழுதுவது அவர்களுக்காகத்தான். நடுவில் எதையும் தாண்டிப் போய்விடாதே. அங்கே வரப்போகிற அப்பாவுக்கு ஒரு முறை படித்துக் காட்டிவிட்டேன், விட்டால் அவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் ஷெட்டைப் பற்றி. நானும் அப்பாவும் வயதான காலத்தில் எதற்கோ ஆசைப்பட்டு இதைக் கட்டி அழுகிறோம் என்று நீ அங்கே சொல்லி வைத்திருக்கலாம். எருத்தேன்பதியில் கடலை போட்டுக்கொண்டு, கிணற்றில் தண்ணீர் போதவில்லை என்று அக்கம்பக்கத்தாரைப் போலப் புலம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்தவர்கள் நாங்கள். காலேஜில் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்து, "அம்மா, வெறுந்துணிக்கு இனிக் காலமில்லீங்கம்மா. துணி மேல பிளாஸ்டிக்கைப் பூசிப்போட்டா தண்ணி எறங்காது, லேசுல கிழியாது. அதுதான் இனிமேலு" என்று சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் ஓதியவன் நீ. தமிழ்நாட்டுப் பக்கம் கரண்ட் வெட்டு, கஞ்சிக்கோட்டில் அந்தத் தொல்லை இல்லை என்று இடம் பார்த்தவன் நீ. ஓவனுக்குப் படம் போட்டதும் நீ, பிளாஸ்டிக்கை வழிக்கிற கத்தியை எவ்வளவு தூக்கி வைத்தால் எவ்வளவு கனமாகப் பூசும் என்று அடியில் காகிதத்தைச் செருகிச் செருகிப் பார்த்ததும் நீ. கலவை கலக்க வந்த ஆட்கள் எல்லாம் அந்த வாடையில் தலை சுற்றுகிறது என்று போய்விட்டதால்தான் நான் உள்ளே வந்தேன். வந்தவள் அங்கேயே நின்றுவிட்டேன். ஆரம்பித்தவன் போய்விட்டாய்.

செய்வதைச் சொல்ல இரண்டு வரி போதும். பி.வி.சி. பவுடரில் அதற்குரிய எண்ணெயையும் சாயத்தையும் விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கலக்கி, பருத்தித் துணி மேல் ஊற்றிக் கத்தியால் வழித்து, ஓவனுக்குள் விட்டு எடுத்தால் பிளாஸ்டிக் உருகித் துணியோடு பிடித்துக்கொள்ளும். சொல்ல வராதது மற்றதெல்லாம். பவுடர் வரும் என்பார்கள், வராது. வந்தால் மழையில் நனைந்து கட்டி கட்டியாக வரும். ஆனி ஆடியில் வாளையாறு கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் ரோட்டு மண் முழுவதும் ஈரக் கலவை மேல் வந்து உட்காரும். கதவைச் சாத்தினால் உள்ளே நிற்க முடியாது, திறந்தால் துணி எல்லாம் மணல். ஒரு நாள் கதவைச் சாத்துவதா திறப்பதா என்று நானும் அப்பாவும் சண்டை போட்டுக்கொண்டு நிற்கும்போதே ஓவனில் ஒரு பீஸ் முழுதும் கருகிப் போயிற்று.

பஸ் சீட்டுக்கு உறை போடும் துணிதான் முதலில் செய்தோம். பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறவர்கள் நம்மிடம்தான் வந்தார்கள். பிறகு பம்பாயிலிருந்து பளபளவென்று சரக்கு வந்து இறங்கியது, நம்மை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மாதிரிச் சரக்கைச் செய்கிற கம்பெனியில்தான் இப்போது உனக்கு வேலை. சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்காதே. இல்லை, சொல்லிக்காட்டத்தான் செய்கிறேன், நினைத்துக்கொள். அப்படி ஷெட் சும்மா கிடந்த சமயத்தில், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண்கள் மழைக்குக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள், அது நனைந்தால் ஆளையே கீழே இழுக்கும் கனம், நாம் மழைத்துணி செய்து கொடுக்கலாம் என்று யோசனை சொன்னவனும் நீதான். நல்ல யோசனை. இன்றைக்கும் நல்ல யோசனை என்றுதான் சொல்வேன். தலையில் மாட்டினால் முதுகு வழியாக முழங்கால் வரை தொங்குகிற அளவில் வெட்டினோம். வெளிப்பக்கம் மட்டும் பூசினால் பவுடர் மிச்சம், உடம்பில் படுகிற பக்கம் பருத்தியாக இருந்தால் உறுத்தாது என்று மூன்று பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். போன வருசம் இடவப்பாதி மழைக்கு முன்னால் ஒரு எஸ்டேட்டுக்குச் சரக்கு போயிற்று. ஒவ்வொன்றிலும் சூடு படாமல் வைக்கவும் என்று நீ ஒரு சீட்டு அச்சடித்து வைத்தாய். ஒரு வரி இங்கிலீஷ், ஒரு வரி மலையாளம். அதை மாட்டப்போகிற பெண்கள் அத்தனை பேரும் தமிழ் பேசுகிறவர்கள் என்பது மெத்தப் படித்த உனக்கும் தோன்றவில்லை, தினம் தமிழில் கத்துகிற எனக்கும் தோன்றவில்லை. தமிழில் போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பது வேறு விஷயம். அதற்கு வருகிறேன்.

மழை முடிவதற்குள்ளாகவே எல்லாம் மூட்டை கட்டித் திரும்பி வந்தது. மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொண்டு, பிரித்தால் பிளாஸ்டிக் தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்தது. கரியும் புகை வாடையும். கம்பளியைக் காயப்போடுவது போல அடுப்புக்கு மேலே கயிறு கட்டி அதில் போட்டிருக்கிறார்கள் என்று எஸ்டேட் ஸ்டோர்காரர் சொல்லி அனுப்பினார். நீ ஒரே ஒரு துணியை எடுத்துப் பிரித்துப் பார்த்தாய். "நம்ம மேல ஒண்ணும் தப்பில்லீங்கம்மா. அவங்களுக்கு வெச்சுக்கத் தெரியல" என்றாய். கையைக் கழுவினாய். சாப்பிட உட்கார்ந்தாய். அடுத்த மாதம் பம்பாயிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள், நீயும் போய்விட்டாய்.

உனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது தென்னங்கன்றுக்குத் தண்ணீர் விட ஒரு வாய்க்கால் வெட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? கோடு போட்ட மாதிரி நேராக, ஓரமெல்லாம் தட்டிக் கெட்டி பண்ணி, பார்க்க அவ்வளவு அழகு. தண்ணீர் திறந்து விட்டதும் எல்லாம் நேரே பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டது. கன்று நின்ற இடம் மேடு. அப்பா கேட்டதற்கு, "வாய்க்கால் சரியாத்தானுங்க இருக்குது. நெலந்தான் மேடாப் போச்சு" என்றாய். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு வேண்டாத சிரிப்பு என்று இப்போதுதான் எரிச்சல் வருகிறது. வாய்க்காலைத் திருப்பி வெட்டடா என்று அன்றைக்கே மண்வெட்டியைக் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது, உப்புச் சக்கரை மாற்றிய அன்று நடந்ததற்கு வருகிறேன். நிச்சயம் முடிந்து, இலை எடுத்து, எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கஞ்சிக்கோட்டில் என்ன தொழில் என்று உன் மாமனார் கேட்டார். ஜின்னிங் மில் வைத்திருப்பவர், துணி என்றதும் அவருக்கு ஆர்வம். நீ நம் மழைத்துணிக் கதையை எடுத்துவிட்டாய். இது சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடு பட்டால் மறுபடி இளகும் சாதிப் பிளாஸ்டிக் என்று கையை விரித்து மூடிக் காட்டினாய். "அதக் கொண்டுபோயி அடுப்புக்கு மேல தொங்கவுட்டிருக்காங்க மாமா. கருவாடு காயப்போட்ட மாதிரி" என்றாய். உன் மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏனுங்க மாப்ள, அதையும் கொளம்பு வெச்சுத் தின்னுபோட்டாங்களா என்னங்க?" என்றார். வீடே சிரித்தது. உன் அப்பாவும் சிரித்தார். மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு, எனக்குத் தெரியாமல் சிரிப்பதாக நினைத்துக்கொண்டு சிரித்தார். அப்போது ஒரு குரல் கேட்டது. உள்கதவு ஓரமாக நின்றிருந்த சுகந்தி, "அப்பறம் அந்தப் பொம்பளைங்க மழைக்கு என்னங்க பண்ணுனாங்க?" என்று கேட்டாள். சத்தமாகத்தான் கேட்டாள். நீ அவள் பக்கம் திரும்பி ஒரு புன்சிரிப்புச் சிரித்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டாய். அவள் அம்மா அவளை உள்ளே வரச் சொல்லிக் கண் காட்டினாள். இந்தப் பெண் நம் வீட்டுக்கு வரட்டும் என்று என் மனசு உறுதியானது அந்த நிமிஷத்தில்தான். ஆனால் எனக்கும் பதில் தெரியவில்லையே என்பதுதான் உறுத்தியது. எத்தனை கஜம் பூசினோம், எவ்வளவு எண்ணெய் போயிற்று எல்லாம் தெரியும். அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பாவிடம் என் ஆத்திரத்தைக் கொட்டினேன். "வுடு அம்மிணி, சின்னப் பையன், பொண்ணு வூட்டுல நாலு பேரு சிரிக்கோணும்னு என்னமோ சொல்லிப்போட்டான்" என்றார். "நாலு பேரு சிரிக்கறதுக்கு நம்ம சரக்குத்தானா கெடச்சுது?" என்றேன். அதற்குமேல் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சித்திரையில் ஒரு நாள் மலைக்குக் கிளம்பினேன். அப்பாவைக் கூப்பிட்டேன், முட்டி வலி என்றார். திரும்பி வந்ததில் இரண்டு துணியையும் புதிதாக ஒன்றையும் மூட்டை கட்டிக்கொண்டு தனியாகத்தான் போனேன். நம்முடைய பிழைப்பைப் பார், கேரளத்தில் செய்ததைக் கேரளத்துக்கே கொண்டு போக, கோபாலபுரத்தில் கேரளத்தை விட்டு இறங்கி, பொள்ளாச்சி உடுமலை வழியாகத் தமிழ்நாட்டைச் சுற்றி, சின்னாறில் மறுபடி கேரளத்துக்குள் ஏற வேண்டும். ஒவ்வொரு செக்போஸ்டிலும் மூட்டையை அவிழ்த்துக் காட்டு. சின்னாறில் ஒருத்தர் கருகின துணியை விரலால் தூக்கிப் பிடித்து, "இது எந்தா சேச்சி, எந்தினா இது கொண்டு போகுன்னது?" என்று கேட்டார். எதற்குக் கொண்டு போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, போய்த் தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். விட்டுவிட்டார்.

தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளை அங்கே லயம் என்கிறார்கள். ஒரு வீடு என்றால் ஒரு அறை, அதை ஒட்டி அடுப்பு வைக்கிற இடம், அவ்வளவுதான். பேச்சியம்மா என்கிற ஒருத்தியின் வீட்டுக்கு ஸ்டோர்காரர் காட்டிவிட்டார். என் வயதிருக்கும், அவளுடைய பாட்டன் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஏறிய குடும்பம். வாய் என்றால் அப்படி ஒரு வாய். நான் யார் என்று சொன்னதும் உட்காரச் சொல்லாமலே ஆரம்பித்தாள். "நீங்கதானா அந்த நாத்தம் புடிச்ச துணிய அனுப்புனது? அத மாட்டிக்கிட்டு நின்னா ஆடு கூட கிட்ட வரல தாயி" என்றாள். நானும் சும்மா இருக்கவில்லை. அடுப்புக்கு மேல் போட்டால் எந்தத் துணிதான் தாங்கும், சீட்டு வைத்து அனுப்பினோமே என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினாள். அடுப்புக்கு மேலே குறுக்காகக் கயிறு. அதில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை, ஒரு போர்வை, அவள் புருசனின் கம்பளி. சித்திரை மாதம், வெளியே வெயில் அடிக்கிறது, அந்த மாதத்திலேயே அங்கேதான் காய்கிறது. "மழ புடிச்சா மூணு மாசம் சூரியன் மொகத்தப் பாக்க முடியாது. செவுத்தத் தொட்டா ஈரம், தரையத் தொட்டா ஈரம். இந்த வீட்டுல காஞ்ச எடம்னா இது ஒண்ணுதான். எங்கன போயிக் காயப்போடச் சொல்லுதீக? சொல்லுங்க, போடுதேன்" என்றாள்.

நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சொல்வதற்கு ஒரு இடம் இல்லை. இதைத் தமிழில் மட்டுமில்லை, தங்கத்தில் எழுதி அனுப்பியிருந்தாலும் அவள் அங்கேதான் போட்டிருப்பாள்.

ஆனால் பிளாஸ்டிக்கை எதற்குக் காயப்போட வேண்டும், துடைத்தால் போதாதா என்று கேட்டேன். "மேலதான ஒங்க பிளாஸ்டிக்? உள்ள துணி, சொதசொதன்னு ஊறிப் போவுது. மறுநா காலைல அந்த ஈரத்த முதுகுல போட்டுக்கிட்டுப் போவ முடியுமா?" என்றாள். கழுத்து வழியாகவும் ஓரம் வழியாகவும் ஏறுகிற தண்ணீரை உள்பக்கத்துப் பருத்தி குடித்துக்கொள்கிறது. உறுத்தாமல் இருக்கட்டும் என்று நாம் விட்ட பருத்தி. ஊறியது காய வேண்டும், காய்கிற இடம் அடுப்பு, அடுப்புக்கு மேலே போனால் இளகிவிடும். நீ கையை விரித்து மூடிக் காட்டினாயே, அதேதான். உப்புச் சக்கரை அன்று நீ சொன்ன கதையில் பாதி அந்த வீட்டுக்குள் இருந்தது. நீ அந்த வீட்டுக்குப் போகவே இல்லை. போன வருசம் முழுவதும் நானும் போகவில்லை, சரி. ஆனால் நான் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

வந்ததும் உனக்கு எழுதினேன். இரண்டு பக்கமும் பூச வேண்டும், இரண்டாவது பக்கத்துக்காக மறுபடி ஓவனில் விட்டால் முதலில் பூசின பக்கம் இளகி ரோலரில் ஒட்டிக்கொள்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டேன். அம்மா கேட்கிறாள் என்று வேண்டாம், கம்பெனியில் யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்தாவது ஒரு வழி சொல்லியிருக்கலாம். அதற்குப் பெரிய மெஷின் வேண்டும், சின்ன யூனிட்டில் நடக்காத காரியம், ஆகவே ஷெட்டை மூடிவிடு என்று பதில் வந்தது. அந்த ஆகவேயைப் படித்துவிட்டு நான் கடிதத்தைக் கலவை டிரம்முக்கு மூடியாக வைத்துவிட்டேன். மண் விழாமல் இருந்தது, அந்த மட்டில் உபயோகம்.

அடுத்த நாளே உன் ரோலர்களைக் கழற்றிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, கோபித்துக்கொண்டாலும் சரி. கஜக்கணக்கில் ஓடுகிற துணிக்குத்தானே ரோலர்? நமக்கு வேண்டியது ஆள் அளவுக்கு ஒரு துண்டு. முதலிலேயே அளவுக்கு வெட்டி, மரச் சட்டத்தில் சுற்றிலும் ஆணியில் இழுத்து மாட்டி, ஒரு பக்கம் பூசி, சட்டத்தோடு ஓவனில் தொங்கவிட்டு எடுத்து, ஆறவைத்து, திருப்பி மறுபக்கம் பூசி, மறுபடி உள்ளே. நடுவில் எதுவும் படாது, ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. நினைக்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. முதல் சட்டம் சூட்டில் வளைந்து துணி தொய்ந்து நடுவில் கலவை குளம் கட்டிக்கொண்டது. அடுத்ததில் ஆணி பிடித்த இடமெல்லாம் கிழிந்தது. இன்னொன்றில் மேல்பக்கம் கருகி கீழ்ப்பக்கம் பச்சையாகவே இருந்தது, தலைகீழாக ஒரு முறை தொங்கவிட வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் புரிந்தது. உன் அப்பா வாசலில் பீடியைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு நாம அப்பளம் போடப் போயிருக்கலாமுங்க அம்மிணி" என்றார். ஒரு சட்டத்தை அவர் கையில் கொடுத்தேன். அதிலிருந்து ஓவனுக்கு மாட்டிவிடுவது அவர் வேலை, முட்டி வலியைப் பற்றிப் பேச்சில்லை. இப்படி ஒன்று ஒன்றாகச் செய்தால் நாள் முழுக்க வேலை செய்தாலும் கொஞ்சம்தான் வரும், உன் கம்பெனியில் இதைக் கேட்டால் சிரிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அங்கே ஏற்கெனவே சிரிக்கிற ஆளாக நீ இருக்கிறாய், கூட நாலு பேர் சேர்ந்துகொள்ளட்டும்.

இரண்டு பக்கம் பூசினது நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் பேச்சியம்மா பழக்கத்தில் அதையும் கயிற்றில்தான் போடுவாள். கயிற்றில் போட்டால் இதுவும் ஒட்டிக்கொள்ளும், நம் அடுப்புக்கு மேலேயே போட்டுப் பார்த்துவிட்டேன். அதனால் கழுத்துக்குப் பின்னால் ஒரு காது வைத்திருக்கிறேன், கதவுப் பக்கத்து ஆணியில் மாட்டுவதற்கு. மாட்டும் இடம் என்று ஒன்று இருந்தால் கை தானாக அங்கே போகும். தைத்தால் ஊசி ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும் என்பதால் தைக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியைக் காயவைத்து, நடுவில் காகிதம் போட்டு அழுத்தி ஒட்டிவிட்டேன். சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும். நீ சொல்லிச் சிரித்த அதே குணம்தான் அந்தக் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இழுத்துப் பார்த்தாயிற்று, வரவில்லை.

இவ்வளவும் செய்துவிட்டு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை. வாடை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஆனதால் உள்ளே வேர்க்கும், பேச்சியம்மா அதற்கும் என்னைத் திட்டுவாள். போன வருசம் திரும்பி வந்த அத்தனைக்கும் பதில் துணி தருகிறேன் என்று ஸ்டோரிலும் லயத்திலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இந்த முறையும் ஒட்டிக்கொண்டு திரும்பி வந்தால் நீ சொல்லவே வேண்டாம், நானே ஷெட்டைப் பூட்டிச் சாவியை உனக்கு அனுப்பிவிடுவேன். அதனால்தான் மழை கெட்டியாகப் பிடிப்பதற்குள் கொண்டுபோய், ஒவ்வொரு வீட்டிலும் கதவுப் பக்கம் ஆணி அடித்து, மாட்டிக் காட்டிவிட்டு வர வேண்டும் என்று நிற்கிறேன். மழை நம் நல்ல நாளைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காது. ஜவுளிக் கடை எந்த வாரமும் திறந்திருக்கும். நாளை மாற்ற முடியுமா என்று உன் மாமனாரிடம் கேள். மாற்றினால் வருகிறேன், வாடை அடிக்காத சேலையே கட்டிக்கொண்டு வருகிறேன். மாற்ற முடியாது என்றால் சேலையைச் சுகந்திக்குப் பிடித்த நிறத்தில் எடுங்கள், எனக்கு வருத்தமில்லை. நாளை மாற்றி, நீயும் இரண்டு நாள் முன்னால் வந்து இறங்கி என்னோடு மலை ஏறினால் எனக்குச் சந்தோசம் என்று எழுதக் கை வரவில்லை. மூட்டை கனம், அப்பாவால் தூக்க முடியாது, அவ்வளவுதான் எழுத வருகிறது.

புத்தி சொல்லாமல் எந்த அம்மாவும் கடிதத்தை முடிக்க மாட்டாள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நீ செய்து கொடுத்தது கெட்டுத் திரும்பி வந்தால், வந்த பொருளைப் பிரித்துப் பார்த்தது போதும் என்று நினைக்காதே. அது எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டுக்குள் போய் ஒரு தடவை நின்று பார். கல்யாணம் ஆன பிறகு இது துணிக்கு மட்டும் இல்லை. சுகந்தி உன்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற நாள் வரும். அவளுக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று அன்றைக்கும் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காராதே.

சுகந்தி அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாய் அல்லவா, இங்கே கொஞ்சம் அவளைப் பார்த்துப் படி. லயத்திலிருந்து கிளம்பும்போது பேச்சியம்மாவிடம் அவள் கேட்டதை அப்படியே கேட்டேன். எங்கள் துணி ஒட்டிக்கொண்டு போன பிறகு, மிச்ச மழைக்கு நீங்கள் எல்லாரும் என்ன செய்தீர்கள் என்றேன். அதுவரை நிற்காமல் பேசிக்கொண்டிருந்தவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இதை ஒரு கேள்வி என்று கேட்க வந்திருக்கிறாளே என்று நினைத்திருப்பாள்.

"நனைஞ்சோம்" என்றாள்.

அவ்வளவுதான் பதில். இதைப் படித்து முடித்ததும் அங்கே யார் யார் சிரித்தார்கள் என்று எனக்கு எழுது.

அம்மா